சாம்பலோடு தின்ன வேண்டிய சீஸ்

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. அதற்குக் காரணம் என் பெரியம்மா.

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டில் வேலை பார்த்த என் வாப்பாவும் லீவுக்கு வந்தால் உம்மா வீட்டில்தான் தங்குவார். உபசாரத்துக்குக் குறைவில்லை, ஆனால் மாப்பிள்ளை அங்கே குரலை உயர்த்த முடியாது. எனக்கு ஒன்பது வயதான வருடம், எல்லோரும் சென்ட் பாட்டிலுக்குக் காத்திருக்க, அவர் பெட்டியிலிருந்து பிரான்ஸ் நாட்டு ஆட்டுப்பால் சீஸ் ஒன்றை எடுத்து வைத்தார். உருளையாக, மேலெல்லாம் சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருந்தது.

"என்னளா, ஒம் மாப்புள கெடா நாத்தத்தையா பொட்டி கட்டிக் கொண்டாந்திருக்காஹ?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உம்மாவிடம் கேட்டார் பெரியம்மா. வாப்பா கை கழுவி வருவதற்குள், சாம்பலை அழுக்கு என்று நினைத்து, குழாயடியில் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார். சீஸ் பாதி கரைந்து ஓடியது. உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

வாப்பா மிச்சத்தைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

"சாம்பலோடதான் திங்கணும். குளிர் விட்டபொறவு குச்சிய உருவிட்டு, வெந்நீல முக்குன கத்தியால வட்டமா நறுக்கணும். மேல கொஞ்சம் தேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் அவமானப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் சாம்பல் ஒட்டியிருந்த முனையையே நறுக்கித் தரச் சொல்லி, தேன்கூடத் தொடாமல், பெரியம்மாவின் முகத்துக்கு நேரே நின்று தின்றேன். புளித்தது, உப்புக் கரித்தது, ஆட்டுக்கொட்டில் வாடை தொண்டைவரை போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் இன்னொரு துண்டு கேட்டேன்.

"எப்பிடிம்மா இருக்கு?" என்றார் வாப்பா.

"பிரியாணிய விட நல்லாருக்கு வாப்பா!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அதன் பிறகுதான் அவர் ஒரு துண்டைத் தன் வாயில் வைத்தார்.

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவரே சொன்னார். ஏழு வருடம் அந்தச் சீஸை விருந்தினர் தட்டுக்கு நறுக்கி வைத்தவருக்கு, அதில் ஒரு துணுக்கைக்கூட வாயில் போட அனுமதி இருந்ததில்லை. எப்படி இருக்கும் என்று உண்மையிலேயே தெரியாமல்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் கொடுத்ததோ ஒரு பொய். அதை இன்றும் வாபஸ் வாங்குவதாக இல்லை.