நான்கு சாக்குப் பஞ்சும் நான்கு லைட்டும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மில்லை விட்டுக் கிளம்பினேன். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

காரணத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது... ஆனாலும் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் மாடி அறை சின்னது. மேல்தளமும் தாழ்வு. வெயில் காலத்தில் கொதிக்கும். பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள். அவளுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டோம். அறையின் உயரம் குறையக் கூடாதே என்று தளத்துக்கும் போர்டுக்கும் நடுவே மூன்று அங்குலம்தான் விட்டோம்.

அந்த மூன்று அங்குலத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சூட்டைத் தடுக்கப் பஞ்சை விடச் சிறந்தது உண்டா? மில்லில் கேட்டு நான்கு சாக்கு கழிவுப் பஞ்சு வாங்கி வந்தேன். போர்டு அடிக்க வந்தவர் அதை உள்ளே பரப்பிக்கொண்டே கேட்டார்:

“என்ன அண்ணாச்சி, பல்லிக்கு மெத்தை போடுதீகளா?”

அந்தக் கேலி பரவித் தெருவே சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து லைட். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கிண்ணம் மாதிரி ஆழமான லைட்டுகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் நான்கு அங்குல உயரம். எங்கே நுழையும்? விரல் கனத்தில் ஸ்லிம் லைட் நான்கு எடுத்தேன். சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பெருமை வேறு.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் நல்லவர். ஏணியில் ஏறும் முன்பே கேட்டார்.

“மேல எதுவும் இல்லையே அண்ணாச்சி? பின்பக்கம் சூடாகும். காத்து போகணும்.”

பல்லி மெத்தை ஞாபகம் வந்தது. “காலியாத்தான் இருக்கு” என்றேன்.

ஓட்டை வழியாகப் பஞ்சு தெரியாதா என்று கேட்பீர்கள். போர்டுக்காரர் ஓட்டைகளை முன்பே வெட்டியிருந்தார். எலக்ட்ரீஷியன் வருவதற்குள் நானே கையை விட்டு, பஞ்சைத் தள்ளி ஒதுக்கிவைத்திருந்தேன்!

தள்ளிய பஞ்சு தள்ளிய இடத்திலேயே நிற்குமா? காலமெல்லாம் பஞ்சோடு கிடப்பவனுக்கு இது தெரிய வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “குடோன்ல ஒரு பஞ்சு மூட்டை உள்ளுக்குள்ளயே தீ கனிஞ்சிருக்குய்யா. புகை கூட வரல. கை வச்சாத்தான் தெரிஞ்சது.”

எங்கள் சீலிங்குக்குள் கிடக்கும் பஞ்சு ஞாபகம் வந்தது.

மகளுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இல்லை. மனைவியோ வத்திராயிருப்பில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள்.

பைக்கை எடுத்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற வழியைக் காணோம். அங்கே நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். வண்டியை அணைக்காமலே நின்றேன்.

மாடிக்கு ஓடினேன். வெயிலுக்காகத் திரைச்சீலை மூடியிருந்தது. அணைக்காமல் விட்ட நான்கு லைட்டும் எரிந்தன. தொட்டிலில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

“என்னப்பா, இந்நேரத்துல? போனை சைலன்ட்ல போட்டுருந்தேன்.”

“பிள்ளையத் தூக்கிட்டுக் கீழ போ.”

“இப்பத்தான் தூங்குனான்...”

“ஏட்டி, போன்னா போ.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு லைட்டாக இழுத்தேன். மூன்றில் பஞ்சு வெள்ளையாக இருந்தது. நான்காவது, தொட்டிலுக்கு நேர் மேலே. அங்கே பஞ்சு டிக்காஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. தொட்டேன்... சுட்டது. துணியை இஸ்திரிப் பெட்டியில் தீய்த்த வாசனை.

போன் செய்ததும் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அந்தப் பழுப்புப் பஞ்சைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி சொல்லல? நான் கேட்டேன்லா?”

“சிரிப்பீகளோன்னு...”

அவர் சிரிக்கவில்லை. படியில் பிள்ளையோடு நின்ற மகளும் சிரிக்கவில்லை.

தாழ்ந்த தளத்துக்கு லைட் வாங்குகிறவர்கள் எத்தனை அங்குலம், எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா என்று எல்லாம் விசாரிக்கிறோம். நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்போது பதில் சொல்லத்தான் வெட்கப்படுகிறோம். நம் மானத்தின் கனத்தை எந்தக் கடைக்காரர் அளந்து தருவார்?

அன்று சாயங்காலத்துக்குள் நான்கு சாக்குப் பஞ்சையும் வெளியே எடுத்துவிட்டோம். அறை பழையபடி கொதிக்கிறது. பேரன் வேர்த்து வழிந்து தூங்குகிறான்.

வேர்வையைத் துடைத்துவிடலாம்.