மோந்து பார்த்துக் குடித்த தண்ணீர்

ஆத்தூரிலிருந்து ரயிலில் சேலம் வந்து, காலை ஏழு மணிக்கு ராசிபுரம் பஸ் ஏறினேன். பதினேழு மைல், ஆறணா. உலகச் சண்டை ஆரம்பித்து மூன்றாவது வருஷம், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் ஆளுயரக் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓடும் என்று டிரைவர் சொன்னார். நான் நம்பவில்லை. நான் எதையுமே லேசில் நம்புகிறவனல்ல. கோயிலில் கொடுக்கிற விபூதியைக்கூட அண்ணன் கிள்ளிப் பார்த்துத்தான் பூசுவார் என்று என் தங்கை ராஜம் கேலி செய்வாள்.

அவளுக்காகத்தான் இந்தப் பயணம். வெண்ணந்தூருக்கு அந்தப்புறம் ஒரு சிற்றூரில் செங்கோடன் என்று ஒரு வரன் வந்திருந்தது. சொந்தக் காடு கழனி, வற்றாத கிணறு, மாப்பிள்ளை சொக்கத் தங்கம் என்று தரகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்படிச் சத்தியம் செய்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்பா இல்லாத பெண். தவறான இடத்தில் தள்ளிவிட்டால் ஆயுசுக்கும் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது. நிச்சயத்துக்கு முன் பெண் வீட்டில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய் விசாரித்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அந்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கட்டுமஸ்தான ஆள், காதில் சிவப்புக் கடுக்கன், காலடியில் ஒரு மூட்டை. எடுத்த எடுப்பிலேயே, "எங்கீங்க, ராசிபுரமுங்களா?" என்று ஆரம்பித்தார். பெயர் முத்துசாமி. நான் போகும் ஊர்தான் அவருக்கும். மூட்டையில் என்ன என்று கேட்டேன்.

"வேலம்பட்டைங்க. கவலைத் தோலு பதம் பண்றதுக்கு."

மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோல் பைக்கு வேலம்பட்டை உதவும் என்பது வாஸ்தவம். அதே பட்டை சாராய ஊறலுக்கும் போகும் என்பதும் வாஸ்தவம். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த பிறகு சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் என் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

மல்லூர் தாண்டி ஒரு சிறு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் டிரைவர். முத்துசாமிக்குக் காலில் கட்டு. "பைய எங்கிட்டக் குடுங்க சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. பஸ்ஸைத் தள்ளியது என் கை. கண் முழுக்க ஜன்னலில். திரும்பி வந்தபோது பை அவர் மடியில் பத்திரமாக இருந்தது. தூசி படாமல் துண்டை வேறு போர்த்தியிருந்தார். சந்தேகம் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. இவ்வளவு நல்லவனாக ஒருவன் ஏன் இருக்க வேண்டும் என்று புதிதாக ஒன்று முளைத்தது.

ராசிபுரத்திலிருந்து ஐந்தாறு மைல். முத்துசாமியின் மாட்டு வண்டி காத்திருந்தது, ஏறிக்கொள்ளச் சொன்னார். என்ன வேலையாக வருகிறீர்கள் என்று கேட்டபோது, கடலைக்காய் வியாபாரி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவர் வண்டியோரத்துக் காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொடி இப்பத்தானுங்க பூ உட்டிருக்குது" என்றார்.

ஊர் எல்லையில் இறங்கி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். "கடலைக்காய் வாங்க வந்திருக்காருங்க" என்று முத்துசாமி அங்கே சொல்லிவைத்தார். பளபளவென்று விளக்கிய செம்பில் கொண்டு வந்தார்கள். காலராவில் அப்பா போனதிலிருந்து எந்த ஊர்த் தண்ணீரையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அன்றும் செம்பை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தேன். அவ்வளவுதான், அங்கே நின்றவர்கள் முகமெல்லாம் ஒரே நொடியில் கதவு சாத்தியது போல் ஆகிவிட்டது. பூ விட்ட மாசத்தில் கடலை வாங்க வந்தவன், செம்பை மோந்து பார்க்கிறவன், கையில் தோல் பை வேறு. நான் யார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது: மதுவிலக்குப் போலீஸ், மாறுவேஷத்தில்.

அதன் பிறகு செங்கோடனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "நல்லவருங்க." பக்கத்து வீட்டுக்காரர்? "நல்லவருங்க." மேலத் தெரு? "இங்க அல்லாரும் நல்லவங்கதானுங்க சாமி." பொய் சொல்வதிலே இவ்வளவு ஒற்றுமையான ஊரை நான் பார்த்ததில்லை. வெறுத்துப்போய் நேரே செங்கோடனின் கிணற்றுக்கே நடந்தேன்.

கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகளை ஓட்டியவர்தான் செங்கோடன். முப்பது வயதிருக்கும், அளவான பேச்சு. கிணற்றோரம் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண்கள் பத்துப் பேர் குடத்தோடு நின்றார்கள். மற்ற கிணற்றுக்காரர்கள் அவர்களைக் கிணற்று மேட்டில் ஏறவே விடமாட்டார்களாம். இவரோ தன் வயலுக்கு மடை திருப்பாமல் அவர்கள் குடம் நிறையும்வரை இறைத்தார். இரண்டு சிறுமிகள் ஓடிவந்து ஆளுக்கு ஒரு கையாக அவரிடம் தொங்கினார்கள். அவர் அண்ணன் மக்களாம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ராஜத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சோறு போட்டுவிட்டுத்தான் அனுப்புவேன் என்று இலை அறுக்கப் போனார். அந்த நேரத்தில் அண்ணன் மனைவி பாவாயி மோர் கொண்டு வந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா? நீங்கதான வந்து கூட்டிக்கிட்டுப் போனீங்க" என்றாள்.

அவள் பார்வையில் நான் போலீஸ். மறுக்காமல் மேலே விசாரித்தேன். சாராயம் காய்ச்சி, குடித்துவிட்டு அவளை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் சேலம் ஜெயிலில் இருக்கிறாராம். துப்புச் சொன்னது செங்கோடனாம்.

"உன்னைக் காப்பாத்தவா சொன்னார், அண்ணன் பங்குக் காட்டுக்கு ஆசைப்பட்டுச் சொன்னாரா?"

"ரெண்டுக்குந்தானுங்க. என்ற ஊட்டுக்காரரு குடிச்சுப்போட்டு அடிக்கறதப் பாக்க மாட்டாம ஒரு நா அழுதாரு. காடு பூராவும் ஒரே ஏரா ஓட்டலாமுன்னு இன்னொரு நா கணக்குப் போட்டாரு. ரெண்டும் நெசம். நான் எதைன்னு சொல்ல?"

மோரைக் குடித்தேன். மோந்து பார்க்க மறந்துபோனேன்.

சாப்பாடு அருமை. செங்கோடனே உட்கார்ந்து பரிமாறினார், இலையில் ஒன்று தீருமுன் இன்னொன்று வைத்தார். கிளம்பும்போது வரப்பு வரை கூடவே வந்தார். சிறுமிகளைத் திரும்பிப் போகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"வந்த காரியத்துல வெறுங்கையோட போக வேண்டாமுங்க. முத்துசாமி காட்டுல, மேக்கால கள்ளிவேலி ஓரம் தோண்டிப் பாருங்க. மூணு பானை. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாமுங்க."

முத்துசாமி காடு எங்கே என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். இவர் கிணற்றுக்கு அடுத்த வரப்புதான் அது.

கையில் இன்னும் அவர் போட்ட நெய்யின் வாசனை. கோபம் வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

திரும்பும் வண்டியும் முத்துசாமியுடையதுதான். பாதி வழியில் என்னால் முடியவில்லை. "நான் போலீஸ் இல்லீங்க, பெண்ணுக்கு அண்ணன்" என்று உடைத்துவிட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் மாடுகள் நின்றுவிட்டன.

"அட கடவுளே! உங்களுக்குப் பயந்துக்கிட்டு இந்த ஊரே மத்தியானம் சோறு திங்கலீங்களே!"

"அப்போ நீங்க பையைப் பாத்துக்கிட்டது, வண்டியில ஏத்தினது, அதெல்லாம் பயத்திலதானா?"

"பையப் பாத்துக்கிட்டது மனுசனுக்கு மனுசன். கடலைன்னு சொன்னதுக்கு அப்பறம் வண்டியில உக்கார வெச்சிருந்ததுதானுங்க பயத்துல." சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "செங்கோடன் எதாச்சும் சொன்னானுங்களா?"

நான் சாலையைப் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது அவருக்கு.

"செரி, பானைய எடம் மாத்தோணும்" என்று மாட்டைத் தட்டினார். குரலில் கோபமே இல்லை. "போன கோடையில என்ற கெணறு வத்திப்போச்சு சாமி. எட்டு உருப்படி மாடு. அத்தனைக்கும் அவன்தான் தண்ணி உட்டான். கேக்காமயே உட்டான். அவன் மோசக்காரன்னு நான் சொன்னா என்ற மாடே என்னை முட்டும்."

"அப்படின்னா பொண்ணைக் கொடுக்கலாமா?"

"அத என்னைக் கேக்காதீங்க. நான் அடுத்த காட்டுக்காரன்தான், அதே ஊட்டுக்குள்ள இருக்கப்போறவனில்லீங்களே" என்றார்.

மறுநாள் ஆத்தூர் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரிலும் மனிதர்கள் இதே மாதிரிதான் இருப்பார்கள். நான்தான் அவர்களைத் தண்ணீர் மாதிரி மோந்து பார்த்ததோடு சரி, குடித்துப் பார்த்ததில்லை. ராஜத்தை உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குடங்கள், சிறுமிகள், ஜெயிலில் இருக்கும் அண்ணன், வரப்பில் கேட்ட அந்தத் தாழ்ந்த குரல், எல்லாவற்றையும். நல்லது கெட்டதை நீயே தராசில் போட்டுப் பார் என்றேன்.

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க யாருன்னு தெரிஞ்சிருந்தா அவர் அதைச் சொல்லியிருப்பாராண்ணா?"

"மாட்டார். சோறு போட்டுச் சந்தனம் பூசி அனுப்பியிருப்பார்."

"அவருக்கு உங்களைத் தெரியலை. அதனாலதான் நீங்க அவரைத் தெரிஞ்சுக்கிட்டீங்க. நான் அவர் பெண்டாட்டியா போவேன். எங்கிட்டே காலமெல்லாம் நல்லவராவே இருப்பார். அவர் வெளியே எழுந்து போற ஒவ்வொரு தடவையும், எந்த வரப்புல யார்கிட்டே குனிஞ்சு பேசறாரோன்னு நான் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்." எழுந்து உள்ளே போனவள் கதவருகே நின்றாள். "வேண்டாம்ணா. அந்தக் குழந்தைங்களை நினைச்சாத்தான் மனசு கேக்கலை."

ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினேன்.