பெட்டியின் மேல் மூன்று வார்த்தைகள்

மராத்தி பேசும் ஊரான போசரியில் மிக்ஸி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இரண்டு வேலை. பெட்டியின் மேல் அச்சடிக்கும் இங்கிலீஷை எழுதுவது ஒன்று. வாங்கியவர்கள் போன் செய்து திட்டினால் கேட்டுக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்த முதலாளி விவரமானவர்தான்.

புதிதாக ஒரு குட்டி மிஷின் தயாரானது. பழச்சாறு, மில்க் ஷேக் அடிக்கத் தோதானது. இதை மிக்சர் என்பதா, பிளெண்டர் என்பதா, கிரைண்டர் என்பதா என்று முதலாளி கேட்டார். ஏரவாடாவில் எங்கள் வீட்டில் ஜார் வைத்துச் சுற்றுகிற எல்லாமே மிக்ஸிதான். மூன்றையும் வரிசையாகப் போட்டுவிட்டேன். வார்த்தை கூடினால் விற்பனையும் கூடும் என்று நினைப்பு. கூடவும் செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பிம்ப்ரியிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். இந்தியில் ஆரம்பித்தவர், என் இந்தியைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். இட்லிக்கு உளுந்து போட்டு அரைத்திருக்கிறார். புகை வந்து மிஷின் நின்றுவிட்டது. மாவு அரைத்தால் வாரண்டி கிடையாது என்று கையேட்டில் இருந்ததைச் சொன்னேன்.

"பொட்டி மேல கிரைண்டர்னு போட்டிருக்கேம்மா. அதப் பார்த்துதான் வாங்கினேன்" என்றார். "சரி, அது போகட்டும். நீயும் தமிழ்ப் பொண்ணுதானே? உங்க வீட்ல இதுல மாவு அரைப்பீங்களா?"

சலுகை விலையில் கிடைத்தும் அந்த மிஷினை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மாவுக்கு அது தாங்காது என்று எனக்குத் தெரியும். பெட்டிக்கு எழுதும்போது மட்டும் அது எப்படி மறந்துபோயிற்று? வெட்கமாக இருந்தது. "கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் போய் அந்த அக்காவின் புகாரைச் சொல்லி, கிரைண்டர் என்ற வார்த்தையை எடுத்துவிடலாம் என்றேன். அதனால்தான் சரக்கே போகிறது, உனக்கேன் இந்த வம்பு என்று இந்தியில் சிரித்தார். சுர்ரென்று வந்தது கோபம். அதில் பாதி என் மேலேயே.

மறுநாள் டிபன் டப்பாவில் ஊறிய உளுந்தோடு போனேன். அவர் மேஜை மேலேயே மிஷினை வைத்து, உளுந்தைப் போட்டு ஓட்டினேன். மாவு கெட்டிப்படத் தொடங்கியதும் மோட்டார் முனகியது. கொஞ்ச நேரத்தில் காந்தல் வாடை. அப்புறம் நின்றே போயிற்று. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"இவ்வளவு நேரம் யார் அரைப்பார்கள்?"

"எங்கள் ஆட்கள் வாராவாரம் அரைக்கிறார்கள் சார்."

அச்சடித்த பெட்டிகளை என்ன செய்வது என்றார். ஸ்டிக்கர் ஒட்டலாம், நானே ஒட்டுகிறேன் என்றேன். விற்பனை படுத்தால் என்று கேட்டார். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் ஜாரைத் திறந்து மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஸ்டிக்கரை ஒட்டு, அந்த அம்மாவுக்கு நம்முடைய பெரிய மிக்சர் கிரைண்டராக மாற்றிக் கொடு என்றார்.

கோடவுனில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினேன். 'பிளெண்டர்' என்ற ஒரே வார்த்தை. அதன் கீழே, மாவு அரைக்க அல்ல என்று நாலு மொழியில். தமிழையும் விடவில்லை. விற்பனை குறையத்தான் செய்தது. முதலாளி அதை வாராவாரம் எனக்கு ஞாபகப்படுத்துகிறார். வீட்டுக்கு அனுப்பவில்லை, இதுவரை.

பெரிய மிஷின் போய்ச் சேர்ந்த அன்று அந்த அக்காவே கூப்பிட்டார்.

"இதுலயும் கிரைண்டர்னுதான் போட்டிருக்கு. நம்பி அரைக்கலாமா?"

"அரைங்கக்கா. இதே மிஷின் ஒண்ண வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். இன்னிக்குக் காலைல நாங்க சாப்பிட்ட இட்லி அதுல அரைச்ச மாவுதான்."