நான் நேர்ந்தது அவள் முடியை

மகள் காய்ச்சல் கண்டு தேனி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே, அவள் முடியை உனக்குத் தருகிறேன் என்று. கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் அதைவிட அழகான பொருள் கிடையாது. இடுப்புக்குக் கீழே தொங்கும். பிள்ளை பிழைத்துவிட்டாள். சித்திரையில் வீரபாண்டி மாரியாத்தா கோயில் திருவிழாவுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டோம். அவள் அழவில்லை. நான் சந்தனம் தடவப் போனபோது மட்டும் என் கையைத் தட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தபோது ஒரு விரற்கடை அளவுதான் முடி வளர்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு. எல்லாப் பெண்களும் ரெட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டி வருகிற இடம். முதல் நாள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன ஆத்தா, வயித்து வலியா?"

"வகுப்புக்குப் புதுப் பையன் வந்துருக்கான்டின்னு கை தட்டுறாளுக. இனிமே நான் போக மாட்டேன்."

"சாமிக்குக் குடுத்த முடி. சிரிச்சா அவளுகளுக்குத்தான் பாவம்."

"ஒன் முடிய நேந்திருக்கலாம்ல?"

அவள் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

வீட்டுக்காரர் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறார். மாதம் ஒருதடவை ஜீப்பில் இறங்கி வருவார். போனில் சொன்னேன். "முடி வளந்ததும் போகட்டும்" என்றார். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டால் என்ன செய்வது?

நான் கூலிக்குப் போகும் திராட்சைத் தோட்டத்துக்கு அவளும் வரத் தொடங்கினாள். பந்தலுக்கு அடியில் இலை கிள்ளுகிற எல்லாரும் தலையில் துண்டு கட்டியிருப்போம். அங்கே அவளை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மதினி, ஒங்கள விட ஒங்க மக வெரசா கிள்ளுறா. இனி நீங்க வீட்ல இருந்துக்கலாம்" என்றாள் கூட வேலை செய்கிறவள். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். மூன்று வாரத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

வீட்டில் என்னிடம் ஒரு பேச்சுக் கிடையாது. சோறு போட்டால் தின்பாள், படுத்துக்கொள்வாள். விளக்கேற்றிவிட்டு மாரியாத்தா படத்துக்கு முன்னால் நிற்பேன். வாய் திறக்காது. சாமியிடம் சொன்னால் கொடுத்ததைக் குத்திக் காட்டியதுபோல் ஆகும். அக்கம்பக்கத்தில் சொன்னால் நேர்த்திக்கடனுக்கு வருத்தப்படுகிறாள் என்பார்கள். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளுடைய வகுப்பு டீச்சர் வந்தார். "டீச்சர் வந்துருக்காக" என்று நான் சொன்னதும் மகள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். டீச்சர் அவளை வெளியே கூப்பிடவில்லை. கதவைப் பார்த்தே பேசினார்.

"காலையில வர வேணாம்மா. சாயங்காலம் மணி அடிச்சு எல்லாரும் போனப்புறம் வா. கணக்கு வராத பிள்ளைக நாலு பேரு இருப்பாக. துண்டு கட்டிக்கிட்டே வா."

"கை தட்டுனவளுக இருப்பாளுகளா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"அவளுகளுக்குக் கணக்கு நல்லா வரும். ஒன் பக்கமே வர மாட்டாளுக."

கதவுக்குப் பின்னால் மூக்கு வழியாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. போகும்போது டீச்சர் என்னிடம், "நீங்க புத்தி ஒண்ணும் சொல்லாதீக. கூட மட்டும் வாங்க" என்றார்.

அடுத்த வாரம் முதல் சாயங்காலம் தோட்டத்திலிருந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அவள் பத்தடி முன்னால், நான் பின்னால். வகுப்பு முடிகிறவரை பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நிற்பேன். இரண்டாவது வாரம் ஒருநாள் திரும்பும்போது துண்டு அவள் தலையில் இல்லை, பைக்குள் மடிந்து வந்தது. நான் பார்க்காததுபோல் நடந்தேன். அதற்கடுத்து மத்தியான வகுப்புக்கே போகத் தொடங்கினாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சீருடை போட்டு நின்றாள். நான் செருப்பை மாட்டினேன்.

"நீ வராத. நீ வந்து நின்னா எல்லாரும் பாப்பாளுக."

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றேன். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள் தாயே என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. முடி தோளைத் தொட்டுவிட்டது. தலையை என்னிடம் காட்டுவதில்லை, சடை அவளே போட்டுக்கொள்கிறாள். காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.