புளி போட்டு மினுக்கிய காப்பு

எங்கள் தீவுகளில் யாராவது பழைய பொருள் ஒன்றைக் கண்டெடுத்தால் அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுவந்து பதிந்துவிட்டுப் போகலாம். பதிகிறவன் நான். வேலணையில் ஜன்னலோரம் ஒரு மேசை, ஓர் அடிமட்டம், ஒரு சின்னத் தராசு, ஒரு கட்டுப் படிவம். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, எந்தக் காலத்தது. கடைசிக் கேள்விக்கு நான் பெரும்பாலும் ‘தெரியாது’ என்றுதான் எழுதுவேன்.

தெரியாமல் போவதற்கு முக்கிய காரணம் எங்கள் சனத்தின் துப்புரவு. கந்தோருக்கு வெளிக்கிடும்போது தாங்கள் குளித்துத் தோய்த்து வருவதுபோல, பொருளையும் குளிப்பாட்டித்தான் கொண்டுவருவார்கள். குத்துவிளக்கு மினுக்குகிற அதே புளி, அதே சாம்பல். மண் இவ்வளவு காலமும் காத்து வைத்திருந்ததை அரை மணித்தியாலத்தில் தேய்த்து முடித்துவிட்டு, “பாருங்கோ, என்ன வடிவு!” என்று மேசையில் வைப்பார்கள். பழைய நாணயம் என்றால் எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும். தொடக்கத்தில் எரிந்து விழுந்திருக்கிறேன். பிறகு கோபமும் மரத்துப்போயிற்று. இந்த வேலையில் எனக்கு முதலில் மரத்தது அதுதான்.

சாட்டிப் பக்கத்திலிருந்து அந்த அக்கா வந்தது ஒரு காலைநேரம். தோட்டம் செய்கிற குடும்பம். கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்த செப்புக் காப்பை மேசையில் வைத்தார். புதுக் காப்புப்போல மின்னியது.

“கிணறு இறைச்சுச் சேறு அள்ளேக்க வந்தது தம்பி.”

“புளி போட்டு மினுக்கினீங்களோ?”

“ஓம். ஊத்தையோட எப்பிடிக் கந்தோருக்குக் கொண்டாறது?”

நான் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆம்பிளையின்ரை கைக்குச் சரி வருமோ?”

“வரும் அக்கா.”

அதற்குப் பிறகுதான் சொன்னார். அவருடைய அண்ணனும் இப்படி ஒரு காப்புப் போட்டிருந்தாராம். சண்டை வந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்த நாளில் வீட்டில் மற்ற எல்லாரும் வள்ளம் ஏறிவிட்டார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டு அடுத்த வள்ளத்தில் வருகிறேன் என்று அண்ணன் நின்றாராம். அடுத்த வள்ளம் வந்தது, அவர் வரவில்லை. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களாம்.

“அண்ணையின்ரை காப்பெண்டா உங்களுக்கு அடையாளம் தெரியாதோ?”

“எனக்கு அப்ப பதினொரு வயது. காப்பைப் பாத்தனானோ, அண்ணையைப் பாத்தனானோ.” காப்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “கிணத்துக்கு உள்ளுக்கு இன்னும் ரெண்டு முழம் சேறு கிடக்குது தம்பி. அள்ளுறதோ விடுறதோ எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். இது ராசா காலத்துப் பழசெண்டா விட்டிடுவன்.”

செம்பில் பச்சையாய்ப் படியும் களிம்பு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் களிம்பைத்தான் அவர் தேய்த்துக் கழுவி வாசலில் ஊற்றியிருந்தார். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்தத் துறை படித்த ஒருவருக்குப் படம் அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் கோல் எடுத்தார். “தேய்ச்சுப்போட்டினம். இனி ஒண்டும் சொல்ல ஏலாது,” என்றார். படிவத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கிடைத்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. அடுத்த கிழமை போனேன். கிணற்றுக்கட்டின் பக்கத்தில் அள்ளிப்போட்ட சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதற்குள் ஓட்டுத்துண்டு, சிரட்டை, ஓர் அறுந்த வாளிக்கயிறு. படம் எடுத்தேன், அளந்தேன், குறித்தேன். முடிந்ததும் அந்த அக்கா கிட்ட வந்தார்.

“என்ன தம்பி சொல்லினம்?”

“பழசு அக்கா,” என்றேன். “சரியான பழசு.”

‘தெரியாது’ என்று எழுதிய படிவம் என் பையில் இருந்தது. பொய் சொன்ன பிறகு மனதுக்குள் ஏதாவது அசையுமா என்று பார்த்தேன். அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். அள்ளி, சில்வர் பேணியில் வார்த்து நீட்டினார்.

“அப்ப ஒரு வாய் குடியுங்கோ.”

வாங்கி அண்ணாந்து முழுவதும் குடித்தேன். உப்பில்லாத நல்ல தண்ணீர். தொண்டையால் குளிர்ச்சியாக இறங்கியது. நான் குடித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. பேணியை வாங்கித் தனக்கும் வார்த்துக்கொண்டார்.

“காப்பு வந்த நாளிலையிருந்து நான் இதை வாயிலை வைக்கேல்லை,” என்றார்.

பாதி சட்டையில் சிந்தியது. மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.