மூன்று பாட்டில் முருங்கைப்பூத் தேன்

நான் மூடி திறப்பவன். தொழில் அப்படி. சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர் என்று பெயர். செய்வது என்னவென்றால், ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளங்கை அகலத்துக்குத் துணியை வெட்டி, உலர்த்தி, விளக்குப் பெட்டிக்குள் வைத்து, கேட்ட நிறம் வந்துவிட்டதா என்று பார்ப்பது. வராவிட்டால் சாயம் சேர்த்து மூடி, இருபது நிமிடத்தில் மறுபடியும் திறப்பேன். முப்பது வருடமாக இதைச் செய்தவனிடம், போன சித்திரையில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு வேலை, ஆறு வாரம் பட்டறை ஓடாது, வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார்கள்.

எடுத்தேன். இரண்டாம் நாளே அடுப்படியில் குக்கரைத் தவிர எல்லாவற்றையும் திறந்து பார்த்தாகிவிட்டது.

“ஏனுங்க, ரசம் ஷேடு மாறுதான்னு பாக்கறீங்களா?” என்றாள் மனைவி.

அந்த வாரம்தான் அவளுடைய தம்பி குண்டடத்திலிருந்து மூன்று பாட்டில் தேனோடு வந்தான். முருங்கைத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருந்தான். முதல் அறுவடை. திருப்பூர் காதர்பேட்டையில் தெரிந்த வியாபாரிகள் நக்கிப் பார்த்துவிட்டுச் சர்க்கரைப் பாகா என்று கேட்டார்களாம். என் மாமனார் இன்னும் ஒரு படி மேலே போய், பெட்டியை எல்லாம் வைகாசிக்குள் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

“மோந்து பாருங் மாமா. முருங்கப்பூ வாசம் வருதுங்களா? எனக்கே இப்பச் சந்தேகமாப் போச்சுங்.”

அசிட்டிக் ஆசிடிலும் பெராக்சைடிலும் முப்பது வருடம் ஊறிய மூக்கு என்னுடையது. ஒன்றும் வரவில்லை. “வருது மாப்ள, நல்லா வருது” என்றேன். பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் சுருங்கியதைப் பார்த்ததும் பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. “இத பீருல போட்டா வாசம் அப்படியே எந்திரிச்சு நிக்கும் பாரு. நான் காச்சிக் காட்டறேன்.”

பீர் காய்ச்சுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் காய்ச்சிய காணொளி மட்டும். கோடையில் குடிக்க ஏல் என்கிற மெலிசான பீர், தேன் மணத்தோடு, எவரும் செய்யலாம் என்றார் அவர்.

“சரிங் மாமா. உங்க பீருலயும் வர்லீன்னா பொட்டியக் குடுத்தர்றனுங்” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பஸ் ஏறினான். ஒரு மனிதனுடைய இருபது பெட்டித் தேனீ இப்படித்தான் என் வாயால் என் கைக்கு வந்தது.

வீட்டில் பீர் காய்ச்சுவது நம் மாநிலத்தில் சட்டத்துக்கு ஆகாது. அதனால் அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் குற்றவாளியைப் போல இருமினேன். கூரியரில் மால்ட் என்ற முளைகட்டிய பார்லியும், நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டும், கசப்புக்கு ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவும் வந்தன. மனைவி ஹாப்ஸை முகர்ந்துவிட்டு, “இது மாட்டுக்குங்களா?” என்றாள். மால்ட்டைக் கட்டி ஊறவைக்கப் பை வேண்டும் என்றார் வெள்ளைக்காரர். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? சாயம் ஏறாத பனியன் துணிக் குழாய் ஒன்றின் அடியை முடிந்தேன், பை தயார். அறுபத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஒரு பாட்டில் தேனையும் அதிலேயே ஊற்றி ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்தேன். எங்கள் தொழிலில் சூடேறாமல் எந்தச் சாயமும் துணியில் பிடிக்காது.

ஆறியதும் வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவி, வெயிலுக்குப் பயந்து ஈரப் பனியன் துணியைச் சுற்றி, எதிரே மேசை விசிறியைப் போட்டு ஒரு மாப்பிள்ளைக்குரிய மரியாதையோடு சின்ன அறையில் உட்காரவைத்தேன். பன்னிரண்டாம் நாள் நிஜ மாப்பிள்ளை வந்தான். டம்ளரில் ஊற்றினேன். வைக்கோல் நிறம், நல்ல தெளிவு. நிறத்துக்கு நானே ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அவன் ஒரு மடக்கு குடித்தான். இன்னொன்று குடித்தான்.

“பீரு நல்லாத்தானுங் மாமா இருக்குது. என் தேன் எங்கீங்க?”

கொதியில் மணம் ஆவியாகிவிட்டது. மிச்ச இனிப்பை ஈஸ்ட் தின்றுவிட்டது. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவனோ, தன் தேனில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டுதான் போனான். இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது, அதுவரை பெட்டியைக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது முறை தேனைக் கொதிக்கவிடவில்லை. ஆறிய பிறகே ஊற்றினேன். ஆனால் இந்த முறை மணம் இருக்கிறதா, போய்விட்டதா? வாளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எப்படி உட்காருவது? செய்தித்தாளை எடுத்தால் ஒரே வரியை நாலு முறை படித்தேன். மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன். மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தேன். மாலையில் இன்னொன்று. பழம்பாட்டுகளில் தேனை மூங்கில் குழாயில் அடைத்து மாதக்கணக்கில் வைத்துத் தேறல் என்ற மதுவாக்குவார்கள் என்று படித்திருக்கிறேன். நடுவில் எவனாவது திறந்து பார்த்ததாக ஒரு பாட்டும் இல்லை. பார்த்திருந்தால் அந்தத் தேறலைப் பாடியிருக்க மாட்டார்கள்.

ஆறாம் நாள் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “பட்டற ஓடலீன்னு உங்களுக்கு ஏக்கமுங்களா? அந்த நாத்தத்த ஊட்டுக்கே கொண்டாந்துட்டீங்க.” திறந்து திறந்து, வாளி முழுக்கப் பட்டறை அசிட்டிக் ஆசிடைப் போலப் புளித்துக் காடியாகிவிட்டது. அது எனக்கே மணத்தது.

மிச்சம் ஒரே பாட்டில். கடைசித் தடவை என்று அவளிடம் சொன்னேன். காய்ச்சி வாளியை உள்ளே வைத்ததும் அவள் அந்த அறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டாள். “மாவாட்டி வெச்சா விடியற வரைக்கும் நான் தொறக்கறேனுங்களா? அது பாட்டுக்குப் பொங்குது. உங்களுக்கு மட்டும் என்ன கேடு?”

அந்த எட்டு நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கதவில் காதை வைத்தால், வாயு வெளியேற வாளி மூடியில் செருகியிருந்த குழாய் வழியே ‘குளுக்’ என்று ஒரு சத்தம். அடுத்த குளுக் எப்போது வரும் என்று நின்றேன். கால் கடுத்தது. சாவி கேட்டேன்.

“எதுக்குங்?”

“விசிறி ஓடுதான்னு பாக்கத்தான்.”

“சத்தம் வெளிய கேக்குதுங். போய்ப் பாலு வாங்கிட்டு வாங்க.”

ஒன்பதாம் நாள் சாவி கிடைத்தது. இந்த முறை வாளியில் தேன் ஒரு சொட்டுக்கூட இல்லை, வெறும் பீர்தான். அது புளித்து அடங்கிய பிறகு, நான்கு பிளாஸ்டிக் பாட்டில்களில் கடைசித் தேனைப் பங்கிட்டு ஊற்றி, மேலே பீரை நிரப்பினேன். ஈஸ்ட் தேனைக் கண்டதும் மறுபடி விழிக்கும், கொஞ்சம் தின்னும், வாயு ஏறிப் பாட்டில் இறுகும். கல்லைப் போல ஆனதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், மிச்சத் தேன் பிழைக்கும். தாமதித்தால் பாட்டில் வெடிக்கும், முந்தினால் நுரை வராது. திறக்கக் கூடாது, அமுக்கிப் பார்க்கலாம். எனக்கென்றே வகுத்த விதி. ஒரு பகல் முழுக்க, பப்பாளி வாங்குபவனைப் போல, அமுக்கிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் இட்லி மாவுச் சட்டி வெளியே வந்தது, பாட்டில்கள் உள்ளே போயின.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தான். முகத்தில் எதிர்பார்ப்பே இல்லை. பெட்டிகளை எடுத்துக்கொள்ள சேவூரில் ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே டம்ளரை வாங்கினான். உதட்டுக்குக் கொண்டுபோனவன் குடிக்காமல் நின்றான். மூக்கை டம்ளருக்குள் விட்டான்.

“அக்கா, நீ மோந்து பாரு.”

என் மனைவி பீரை ஏறிட்டும் பார்க்காதவள். முந்தானையால் டம்ளரைப் பிடித்து, எட்ட வைத்து முகர்ந்தாள்.

“இதென்றா, நம்ம தோட்டத்துல பூ உதுந்து கெடக்கறாப்புல இருக்குது.”

அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

“தேன் வருதுங் மாமா. பீருதானுங் வர்ல.”

ருசி பார்த்தேன். உண்மைதான். ஜலதோஷக்காரனுக்குக் கொடுக்கும் கஷாயத்தில் நுரை அடித்ததைப் போல இருந்தது. என் மூக்குக்கு இன்னமும் ஒன்றும் வரவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தயங்கவே இல்லை. கைபேசியை எடுத்து, சேவூர்க்காரரிடம் பெட்டி இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொன்னான். அப்பனிடம் நேரில் பேசிக்கொள்வானாம். பிறகு அடுப்படிக்குப் போய், காலியான மூன்று தேன் பாட்டிலையும் கழுவித் தரச் சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

“அடுத்த பூவுக்கு வேணுமுங்.”

“அப்ப எனக்கு?” என்றேன்.

“உங்களுக்குக் குடுத்தா ஈஸ்ட்டுத்தானுங் மாமா திங்குது.”

பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஏதாவது கொடுங்கள் என்றான். மால்ட் ஊறிய அந்தப் பனியன் துணிப் பையைக் கொடுத்தேன். வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தான்.