சோற்றுப் பார்சலில் நாலு கம்பி

தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போன வருடந்தான் நான் செல்லோ என்னும் பெரிய வயலின் பழகப் போனேன். முப்பது வயதில் இதென்ன கூத்து என்று ஊர் கேட்டது. மாதா கோயிலில் ஒரு செத்தவீட்டுப் பூசையில் அதைக் கேட்டிருந்தேன். அடித்தொண்டையில் அழுவது போலிருந்தது. எனக்கு அழுகை வராத காலம் அது.

பழக்கியவள் என்னைவிட நாலு வயது இளையவள். பறங்கிக் குடும்பம், டவுனில் வாவிக்கரையோரம் வீடு. நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் போவேன். இருந்தது ஒரேயொரு செல்லோ, அவளுடைய அப்பா விட்டுப்போனது. நான் வில்லை இழுத்தால் மாடு கத்தும். "கையால இழுக்காதீங்க அக்கா, தோளால இழுங்க" என்பாள், சிரிக்காமல்.

ஒருநாள் கம்பி அறுந்தது. கொழும்புக்குப் போகும் வேலை இருந்ததால் புதுக்கம்பிகளை நானே வாங்கி வருகிறேன் என்றேன். அந்நாட்களில் சோதனைச் சாவடிகளில் வயர், பற்றரி கண்டால் விடமாட்டார்கள். ஒளித்துக் கொண்டுவருவதில் எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். நானும் பெரிய கெட்டிக்காரி போல, உறையை எறிந்துவிட்டு, நாலு கம்பியையும் சுருட்டிச் சோற்றுப் பார்சலுக்குள் வைத்தேன்.

டவுனுக்கு முந்திய கடைசிச் சாவடியில் அகப்பட்டேன். விடிய வாங்கிய சோற்றைப் பின்னேரம் வரை ஏன் சாப்பிடவில்லை என்று அரைகுறைத் தமிழில் கேட்டான் ஆமிக்காரன். பிரித்தான். யாருக்கு என்றான். அவள் விலாசத்தைச் சொன்னேன். என்னை அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. கேட்டவுடனே சொன்னேன்.

ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் செல்லோவை எடுத்துவந்து, கம்பி கட்டும் இடத்தைக் காட்டினாள். ஒருவன் அதன் வயிற்றில் தட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறது என்றான். துவக்கு முனையிலிருந்த கத்தியை விளிம்பில் விட்டுக் கிளப்பினார்கள். மேற்பலகை நடுவால் பிளந்தது. உள்ளிருந்து சின்னத் தடியொன்று நிலத்தில் உருண்டது. அதைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"அது பலகையத் தாங்குற தடி" என்றாள்.

பிறகு கூட வந்த அதிகாரி கம்பிகளில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்து, என் கையில் தந்துவிட்டுப் போனார்.

"உறையோட கையில வெச்சிருந்தா ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாங்க அக்கா" என்றாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமையும் பஸ் ஏறினேன். கம்பிகளை எல்லோருக்கும் தெரியக் கையில் பிடித்திருந்தேன். அதே சாவடி, அதே ஆமிக்காரன். பார்த்தான், போகச் சொன்னான்.